பக்கமுகம் தேடி ஆறு நாள்

முதல் நாள், லண்டன்

பழைய அச்சுப்படங்களில் உள்ள பக்கமுகங்களை, அதாவது பக்கவாட்டில் திரும்பிய முகங்களை, நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம். அண்ணன் மகள் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். காலையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்படி என்னதான் இருக்கு அத்தை அந்தப் படங்கள்ல? போன்லயே பெரிசு பண்ணிப் பார்க்கலாமே?" சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்படப் பிரிவில் ஒரு படிப்பறை இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் யாரையும் அனுமதிக்கிறார்கள். 20 லட்சத்துக்கும் மேல் அச்சுப்படங்கள் உள்ள இடம். பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்தான். கை கழுவி உட்கார்ந்ததும் நாம் கேட்ட படங்களைக் கறுப்புப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். சாலண்டர் பெட்டி என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் இதே மியூசியத்தில் வேலை பார்த்த டேனியல் சொலாண்டர் என்ற தாவரவியலாளர் உண்டாக்கியது. திறந்தால் பெட்டியின் ஒரு பக்கச் சுவர் அப்படியே தட்டையாகப் படுத்துவிடும். காகிதத்தை மடக்காமல், ஓரம் உரசாமல் நழுவவிட்டு எடுக்கலாம்.

நான் கொண்டுபோனது அப்பாவின் லென்ஸ். அப்பா திருவல்லிக்கேணியில் பிளாக் செய்யும் கடையில் முப்பது வருஷம் இருந்தவர். ஆஃப்செட் வருவதற்கு முன்னால் பத்திரிகையில் படம் வர வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்தாக வேண்டும். கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக். போட்டோவுக்கு ஹாஃப்டோன் பிளாக், அதாவது நிழலைப் புள்ளி புள்ளியாக உடைத்தது. அப்பாவுக்கு லைன் பிளாக்தான் பிடிக்கும். "கோடு பொய் சொல்லாது, புள்ளி ஏமாத்தும்" என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தபோதும் நிழலுக்குப் போகாமல் கோட்டோடுதான் இருந்தேன்.

முதலில் கேட்டது ஜெர்மன் ஓவியர் லூக்காஸ் கிரானாக் 1521-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய மார்ட்டின் லூத்தர், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த துறவி. தலையில் டாக்டர் பட்டத் தொப்பி, முகம் முழுப் பக்கவாட்டில். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் லூத்தரைத் திருச்சபை விலக்கி வைத்தது. வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் போய் நின்றதும் அதே வருஷம். ஜெர்மன் தேசம் முழுக்க அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத் துடித்த நேரத்தில் இந்தப் படம் வந்தது. கீழே லத்தீனில் இரண்டு வரி: லூத்தரின் அழியப்போகும் உருவம் லூக்காஸின் வேலை, அவர் மனத்தின் அழியாத உருவத்தை அவரே வடிக்கிறார் என்று பொருள்.

லென்ஸை நெற்றியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினேன். நெற்றி, புருவ மேடு, மூக்கின் சிறு வளைவு, உதடு, தாடை. ஒரே கோடு. செதுக்கூசியைக் கையால் தள்ளி, தகட்டைத் தோல் மெத்தைமேல் திருப்பித் திருப்பி வெட்டுவது இது. ஊசி ஆழமாகப் போகும் இடத்தில் கோடு தடிக்கும், மேலே வரும் இடத்தில் மெலிந்து ஊசிமுனையாக முடியும். பேனாக் கோட்டில் இது வராது. கன்னத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அங்கங்கே சில சிறு கீற்றுகள், மிச்சமெல்லாம் வெறும் காகிதம். ஆனால் அந்த ஒரு விளிம்புக் கோட்டின் பலத்தில் கன்னம் உருண்டு நிற்கிறது.

இந்தத் தகட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் பின்னணி வெறுமை. இரண்டாவதில் முகத்துக்குப் பின்னால் நெருக்கமான கோடுகளைப் போட்டு இருட்டாக்கியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் (ஒன்றை நகலில்தான் பார்த்தேன்) அதே மூக்கு, அதே உதடு, ஆனால் ஆள் வேறு மாதிரி. வெறும் பின்னணியில் லூத்தர் காகிதத்தில் வரைந்த படமாக இருக்கிறார். இருட்டு வந்ததும் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். முகத்தின் விளிம்பைச் செய்வது கோடு மட்டும்தானா, அல்லது அதற்கு அந்தப்புறம் உள்ள இருட்டா என்று அப்போதே ஒரு கேள்வி விழுந்துவிட்டது.

அடுத்து, அதே காலத்து ஜெர்மன் ஓவியர் டூரர் 1523-இல் செதுக்கிய கார்டினல் ஆல்பிரெக்ட். நாலு வருஷம் முன்பு இதே மனிதரை முக்கால் முகமாகச் செய்தவர், இந்த முறை பக்கமுகத்துக்குப் போனார். கழுத்துச் சதை தொங்குகிறது, தாடைக்குக் கீழே இரண்டு மடிப்பு. டூரர் எதையும் மறைக்கவில்லை. மேலே ஒரு லத்தீன் வரி. "கண் இப்படி, கன்னம் இப்படி, வாய் இப்படி இருந்தது அவனுக்கு." இது ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் வரும் அடி. இறந்துபோன பேரனின் நினைவில் ஒரு பாட்டி வேறொரு பையனைப் பார்த்துச் சொல்வது போன்ற இடம். வர்ஜில் "கை இப்படி" என்று எழுதியிருந்ததை மாற்றி இங்கே "கன்னம்" என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் கை தெரியவில்லை அல்லவா, அதற்காக. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. டூரர் தகட்டையும் அதிலிருந்து எடுத்த 500 படிகளையும் சேர்த்துக் கார்டினலுக்கு அனுப்பியிருக்கிறார். செதுக்கிய செப்புத் தகடு அத்தனை படிகளைத் தாங்கும். நாளைய படங்களுக்கு அந்த ஆயுள் கிடையாது.

இரண்டாம் நாள், லண்டன்

நேற்று "பாட்டி" என்று எழுதியதைத் திருத்த வேண்டும். வர்ஜிலின் அந்த இடத்தில் பேசுவது டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமக்கி, இறந்தது அவள் மகன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. பெற்றவள் சொல்கிறாள் என்றால் அந்த வரி இன்னும் கனக்கிறது.

இன்று மெசோடின்ட். இதில் கோடு கிடையாது. தகடு முழுவதையும் பற்கள் உள்ள கருவியால் கீறிக் கரடாக்கிவிட்டால் ஒவ்வொரு குத்திலும் செம்பு சின்னப் பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே அச்சடித்தால் வெல்வெட் துணி போல முழுக் கறுப்பு. பிறகு சுரண்டியால் பிசிறை எடுத்து, மெருகிட்டு, எங்கெங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் கறுப்பைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். செப்புச் செதுக்கலில் வெள்ளையில் கறுப்பைச் சேர்க்கிறோம். இதில் கறுப்பிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கிறோம்.

இதைத் தொடங்கியவர் ஓவியரோ செதுக்குபவரோ அல்ல, ஒரு படை அதிகாரி. லுட்விக் ஃபான் சீகன் என்பவர் ஜெர்மனியின் ஹெஸ்ஸன்-காஸல் அரசவையில் இருந்தவர். 1642-இல் அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்த விதவை அரசி அமேலியா எலிசபெத்தின் உருவத்தைச் செய்து, அவள் மகன் ஆறாம் வில்ஹெல்முக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். இது எப்படிச் செய்யப்பட்டது என்று எந்தச் செதுக்குபவராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற பொருளில் எழுதியிருந்தார். படத்திலேயே "புதிய செதுக்கு முறை" என்று பொறித்திருக்கிறார்.

லென்ஸில் பார்த்தபோது ஒன்று புரிந்தது. சீகன் பின்னால் வந்தவர்களைப் போலத் தகடு முழுவதையும் கறுப்பாக்கவில்லை. நிழல் வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பல்சக்கரத்தை உருட்டியிருக்கிறார். தையற்கடையில் துணியில் அளவுக்குறி போட டிரேசிங் வீல் வைத்திருப்பார்களே, அதன் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூலெட் என்று பெயர். அதன் தடம் வரிசை வரிசையான புள்ளிகளாக, குறிப்பாக நிழல் வெளிச்சத்தோடு கலக்கும் ஓரங்களில், நன்றாகத் தெரிகிறது. ஹாஃப்டோன் பிளாக்கின் புள்ளிகள்! அப்பா இருந்திருந்தால் லென்ஸைப் பிடுங்கியிருப்பார்.

சீகனிடமிருந்து இந்த வித்தை இளவரசர் ரூப்பர்ட்டிடம் போனது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸின் அக்காள் மகன், உள்நாட்டுப் போரில் மாமனுக்காகக் குதிரைப்படை நடத்தியவர். தோற்று, ஐரோப்பாவில் அலைந்தபோது இதைக் கற்றார். காவலாளி ஒருவன் துப்பாக்கித் துருவைத் துடைத்ததைப் பார்த்து ரூப்பர்ட்டே கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. சீகனின் கடிதம் இருக்கும்போது அந்தக் கதை நிற்காது. ஆனால் 1658-இல் ரூப்பர்ட் செய்த பெரிய கொலைஞன் படத்தைப் பார்த்தபின் அவருடைய பங்கைக் குறைத்துப் பேசவும் மனம் வரவில்லை. திருமுழுக்கு யோவானின் வெட்டிய தலையைப் பிடித்திருக்கும், மரணதண்டனை நிறைவேற்றும் ஆள். அவன் வாளில் ரூப்பர்ட்டின் முதலெழுத்துகளும் வருஷமும். தோளுக்கும் பின்னாலுள்ள இருட்டுக்கும் நடுவே எங்கே எல்லை என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். எல்லை இல்லை. புள்ளிகள் அடர்த்தியாகிக்கொண்டே போய் ஓர் இடத்தில் தோள் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

1661-இல் ரூப்பர்ட் இதைத் தன் கையாலேயே செய்து காட்டியதாக ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் ஈவ்லின் வெளியிட்ட செதுக்குக்கலைப் புத்தகத்தில் ரூப்பர்ட் செய்த ஒரு தலையை மாதிரியாகச் சேர்த்தார். ஆனால் செய்முறையை வேண்டுமென்றே மூடுமந்திரமாக எழுதினார். எல்லோருக்கும் தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்ற எண்ணம். மூடி வைத்தும் பயனில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டனில் மெசோடின்ட் உருவப்படக் கடைகள் பெருகிவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் இதை "ஆங்கிலேய முறை" என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள், லண்டன்

இன்று முழுக்கக் கைவேலை. தெற்கு லண்டனில் ஓர் அச்சுப் பட்டறையில் ஒரு நாள் பயிற்சிக்குச் சொல்லி வைத்திருந்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். விரல்கள் கணுக்கணுவாக வீங்கியிருந்தன. ஆனால் கருவியைப் பிடித்ததும் கை இளமையாகிவிட்டது.

ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு செப்புத் தகடு கொடுத்தார். கருவியின் பெயர் ராக்கர். அகலமான உளி போல இருக்கும், வாய் வளைந்திருக்கும், அந்த வளைவில் ஓர் அங்குலத்துக்கு 85 பல். செங்குத்தாகப் பிடித்து, வலமும் இடமுமாக ஆட்டிக்கொண்டே முன்னே நகர்த்த வேண்டும். பிரெஞ்சில் இதற்குப் 'பெர்சோ' என்று பெயராம். அப்படியென்றால் தொட்டில். ஜெர்மனிலும் தொட்டில் இரும்பு என்றுதான் சொல்கிறார்களாம். ஆட்டத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் அந்தப் பெயர் சரி என்று மணிக்கட்டு சொல்லிவிட்டது. கையால் அழுத்தினால் தடம் ஒரே அளவாக விழாது. கருவியின் எடை தானாக ஆட வேண்டும், நாம் கூடவே போனால் போதும். தூங்கின பிள்ளையின் தொட்டிலை ஆட்டுவது போல.

குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, பிறகு இரண்டு மூலைவாட்டிலும், பிறகு இவற்றுக்கு இடைப்பட்ட கோணங்களில். ஒவ்வொரு தடவை முடிந்ததும் தகடு கொஞ்சம் மங்கியது. பத்துத் தடவைக்குப் பிறகு லென்ஸில் பார்த்தேன். உழுத வயல் மாதிரி இருந்தது. நடுநடுவே தொடாத செம்பு பளபளவென்று தீவு தீவாகத் தெரிந்தது. "அந்தத் தீவு ஒவ்வொன்றும் அச்சில் வெள்ளைப் புள்ளியாக வரும், இன்னும் ஆட்டுங்கள்" என்றார் அந்த அம்மாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆட்டினேன். நாலு மணி வாக்கில் இருபத்துநாலு தடவை முடிந்திருந்தது. தீவுகள் காணாமல் போயிருந்தன. தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் மின்னவில்லை. மாம்பழத் தோல்மேல் படியும் சாம்பல் போல ஒரு மங்கல்.

ஒரு மூலையில் மட்டும் சுரண்டியைப் பழகிப் பார்க்கச் சொன்னார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். நான் அவசரப்பட்டு ஓரிடத்தில் மெருகுக் கருவியை அழுத்திவிட்டேன். அங்கே கறுப்பு மொத்தமாகச் செத்துப் போனது. மறுபடி அந்த இடத்தில் ராக்கரை ஆட்டிச் சரிசெய்ய ஒரு மணி நேரமானது. கோட்டில் தவறினால் கண்ணுக்கு உடனே தெரியும். இதில் தவறுவது விரல் நுனிக்கு மட்டும்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியும்போது வேலை கெட்டிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய பிசிறு, அச்சு எந்திரத்தின் உருளைக்கடியில் ஒவ்வொரு தடவையும் நசுங்குகிறது. முதல் நூறு இருநூறு படிகளுக்குள்ளேயே கறுப்பு வெளிறத் தொடங்கிவிடும். டூரரின் 500 படிகளை நினைத்துக்கொண்டேன். இந்த முறையில் ஐந்நூறாவது படி வாங்கியவருக்கு முகத்தின் நிழல்தான் கிடைத்திருக்கும்.

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார்: "இதில் யாரைச் சுரண்டி எடுக்கப் போகிறீர்கள்?"

அப்பாவை, என்றேன். கடைசி மாதங்களில் அவர் ஜன்னலோரம் ஈஸிசேரில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கவாட்டிலிருந்து பென்சிலில் ஒன்று போட்டேன். வாழ்நாள் முழுக்க ஊரார் முகத்தையெல்லாம் பிளாக் செய்தவருக்குத் தன் முகத்தில் ஒரு பிளாக் இல்லை. தகட்டை ஃபெல்ட் துணியில் சுற்றிக் கொடுத்தார் அந்த அம்மாள். கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள், பாரிஸ்

ரயில் பயணம், மழை. லா சப்பேலில் இறங்கி நடந்தால் தெருவே யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறது. கடைக்கார அண்ணா "வாங்கோ அக்கா, என்ன சாப்பிடப் போறியள்?" என்றார். சூடாகக் கொத்துரொட்டி. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இன்று இவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், பாரிஸ்

தேசிய நூலகத்தின் ரிஷ்லியூ கட்டடம். அச்சுப்படப் பிரிவில் காலையிலிருந்து மாலைவரை ஒரே ஒரு வகைப் படங்களைத்தான் பார்த்தேன். வட்டமான சின்னச் சின்னப் பக்கமுகங்கள். விட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர். என் கையில் இருப்பது 2.4 அளவு வளையல். அதைக் கழற்றி மேலே வைத்தால் முகம் அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது (வைக்கவில்லை, மனத்தில்தான் வைத்தேன்).

இந்தப் படங்களின் பின்னால் ஒரு எந்திரம் இருக்கிறது. ஃபிஸியோனோத்ராஸ். 1780-களில் இதை உண்டாக்கியவர் கில்-லூயி கிரெத்தியென், வெர்சாயில் பிறந்தவர், அரசவையில் செல்லோ வாசித்த இசைக்கலைஞர். ஆளை எந்திரத்துக்கு அந்தப்பக்கம் பக்கவாட்டில் உட்கார வைப்பார்கள். வரைபவர் ஒரு சிறு கண்துளை வழியாக அவர் முகத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே கருவியை அந்த விளிம்பின் மேலேயே நகர்த்துவார். கருவியோடு பூட்டிய சட்டங்களின் முனையில் உள்ள பென்சில், முகத்தை அதே அளவில் தாளில் வரைந்துகொண்டே போகும். சில நிமிஷங்களில் ஆள் எழுந்து போகலாம். பிறகு அந்தப் பெரிய கோட்டை, அளவு குறைக்கும் இன்னொரு சட்டத்தால் செப்புத் தகட்டுக்கு இறக்குவார்கள். எட்மே கெனெதே என்ற ஓவியர் 1788-இல் கிரெத்தியெனோடு சேர்ந்தார், அடுத்த வருஷமே பிரிந்து போட்டிக்கடை வைத்தார். இந்த எந்திரம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதே கெனெதே வரைந்து வைத்த படத்தால்தான். ஆள் உயர மரச்சட்டம், நடுவே தொங்கும் இணைகரச் சட்டங்கள். அதையும் இன்று பார்த்தேன்.

இதற்கு முன்னால் பக்கமுகம் வேண்டுமென்றால் நிழலைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டிக்கொள்வார்கள். அது ஏழை எளியவருக்கும் கட்டுப்படியாகும். சிறு ஓவியமோ செப்புச் செதுக்கலோ பிரபுக்களுக்குத்தான். கிரெத்தியெனின் எந்திரம் இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்களுக்கு வழி திறந்தது. வக்கீல்கள், வணிகர்கள், மருத்துவர்கள், அவர்கள் மனைவிமார். டஜன் டஜனாக அச்சடித்து உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள், எல்லோரும் ஒரே திசையில் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு. முன்னால் தள்ளிய கீழுதடு, அமுங்கிய மூக்கு, இரட்டைத் தாடை. முகத்தை நேராகப் பார்த்து வரைபவர் கண்ணுக்கும் புன்னகைக்கும் மயங்கி எதையாவது அழகுபடுத்திவிடுவார். பக்கமுகத்தில் அதற்கு வழியில்லை.

தெரிந்த பெயர்களும் உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது 1789-இல் கெனெதேயிடம் உட்கார்ந்திருக்கிறார். 1792-இல் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர். வரைந்தது ஃபூக்கே என்ற ஓவியர், செதுக்கியது கிரெத்தியென். கிரெத்தியெனின் படங்களில் வட்டத்துக்குக் கீழே மயிரிழை எழுத்தில் முகவரிகூட இருக்கும்: "எந்திரத்தைக் கண்டுபிடித்தவர், சேன்தோனோரே மடம், பாரிஸ்." முகத்துக்கு அடியில் கடை விளம்பரம்.

மாலையில் ஒரே ஒரு கன்னத்தை மட்டும் அரைமணி நேரம் லென்ஸில் பார்த்தேன். யாரோ ஒரு பெண். கலைந்த சுருள்முடி, கழுத்தில் மெல்லிய மஸ்லின். விளிம்பு எந்திரம் தந்தது. அமிலத்தில் அரித்த கோடு, மெல்லியது, தடிப்போ மெலிவோ இல்லாதது. டூரரின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உயிரில்லாத கோடு என்றே சொல்ல வேண்டும். ஆனால் காதுக்கு முன்னால், தாடை எலும்பு கழுத்தை நோக்கித் திரும்பும் இடத்தில் புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. ரூலெட்! சீகன் 1642-இல் உருட்டிய அதே பல்சக்கரம், நூற்றைம்பது வருஷம் கழித்து இந்தப் பெண்ணின் கன்னத்தில். எங்கே நெருக்கி உருட்டியிருக்கிறதோ அங்கே கன்னம் பின்வாங்குகிறது, எங்கே விட்டுவிட்டிருக்கிறதோ அங்கே முன்னால் வருகிறது. எந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. எந்திரத்துக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும். அவளை உயிரோடு வைத்திருப்பது கடைசியில் ஒருவர் உட்கார்ந்து கையால் உருட்டிய இந்தப் புள்ளிகள்.

அப்பா, நீங்கள் சொன்னது இந்தப் பெண்ணின் விஷயத்தில் தலைகீழ். இதில் கோடுதான் யாருடைய முகத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொல்வது புள்ளி.

நூலகத்தை விட்டு வெளியே வந்து, பாலே ரொயால் தோட்டத்தைக் கடந்து, குருவா தே பெத்தி ஷான் தெருவில் நடந்தேன். கெனெதேயின் முகவரி இந்தத் தெரு. பிரெஞ்சு மத்திய வங்கியின் நெடுஞ்சுவர் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிறது. கிரெத்தியென் இருந்த மடமும் அதன் தேவாலயமும் இப்போது இல்லை. மழை விட்டிருந்தது. எதிரே வந்தவர்களையெல்லாம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆறாம் நாள், திஜோன்

பாரிஸிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே வந்தது ஒரு மனிதருக்காக. சார்ல் பல்தஸார் ஜூலியென் ஃபெவ்ரே த சேன் மெமேன். 1770-இல் இந்த ஊரில் பிறந்தவர். அரசரின் காவல்படையில் இளம் அதிகாரி. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். தாய்க்குச் சேர வேண்டிய தோட்டங்கள் கரீபியனில் சேன் தொமேங் தீவில் இருந்தன. அவற்றை மீட்கலாம் என்று 1793-இல் தந்தையும் மகனும் கப்பலேறினார்கள். நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து உலகம் தலைகீழாகிக்கொண்டிருந்தது. மேலே போக வழியில்லை. கையில் காசும் இல்லை. இருபத்து மூன்று வயதில் பிழைப்புக்காகக் கலைக்களஞ்சியத்தைப் படித்துத் தானாகவே செதுக்கக் கற்றார்.

1796-இல் வால்தனுய் என்ற பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து நியூயார்க்கில் பக்கமுகக் கடை. எந்திரத்தையும் தானே செய்துகொண்டார். இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய தாளில் கறுப்பு, வெள்ளைச் சாக்கட்டியால் ஆள் அளவுப் பக்கமுகம். அதைக் குறைத்துச் செப்பில் இறக்கி, ரூலெட்டால் நிழல் ஏற்றி, வட்டப் படம். ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. அந்தப் பணத்துக்குப் பெரிய வரைபடம், செப்புத் தகடு, பன்னிரண்டு படிகள் எல்லாம் கிடைக்கும். ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன் என்று ஊர் ஊராகப் போய் 800-க்கும் மேற்பட்ட முகங்களை எடுத்தார். 1798-இல் ஜார்ஜ் வாஷிங்டன், இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு. 1804-இல் குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன். பாரிஸில் கெனெதேயிடம் உட்கார்ந்த அதே ஜெஃபர்சன், பதினைந்து வருஷம் கழித்து, கடலுக்கு அந்தப்புறம், அதே மாதிரி எந்திரத்தின் முன்னால். அந்த இரண்டு மூக்குகளையும் நகலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க ஊருக்குப் போனதும் முதல் வேலை. தலைநகருக்கு வந்த ஓசேஜ் பழங்குடித் தலைவர்களையும் அவர் வரைந்திருக்கிறார். மழித்த தலை, காதில் தொங்கும் அணிகள். வக்கீலுக்கும் வணிகருக்கும் கொடுத்த அதே பொறுமையை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். என் மனத்தில் அவருடைய மிகச் சிறந்த வேலை அவைதான்.

1814-இல் ஊர் திரும்பியவர், 1817-இல் திஜோன் அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். 1852-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த அருங்காட்சியகம் பர்கண்டி கோமகன்களின் அரண்மனைக்குள் இருக்கிறது. நுழைவுக்குக் கட்டணமில்லை. நேராகக் காவலர் மண்டபத்துக்குப் போனேன். நடுவே இரண்டு பெரும் கல்லறைகள். ஒன்று 1404-இல் இறந்த துணிச்சல்கார பிலிப்புடையது. மேலே கோமகன் படுத்திருக்கிறார். அடியில் வளைவுகளின் ஊடாக அழுகை ஊர்வலம் போகிறது. நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில், அலபாஸ்டர் என்ற மென்மையான வெண்கல்லில் செதுக்கிய உருவங்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டவர், மூக்கைப் பிடித்துக்கொள்பவர், கையால் கண்ணைத் துடைப்பவர். சிற்பி கிளாவுஸ் ஸ்லூட்டரும் அவர் உடன்பிறந்தாரின் மகன் கிளாவுஸ் த வெர்வும் செய்தவை.

புரட்சியில் இந்தக் கல்லறைகள் உடைக்கப்பட்டன. அழும் உருவங்கள் கைமாறிச் சிதறின. அவற்றைத் தேடிச் சேர்த்து, பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, மறுபடி நிறுத்தும் வேலையில் சேன் மெமேன் இறங்கினார். 1827-இல் இரண்டு கல்லறைகளும் இந்த மண்டபத்தில் எழுந்து நின்றன. சில உருவங்கள் திரும்பவேயில்லை. நாலு இப்போது அமெரிக்காவில், கிளீவ்லாண்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இருபது வருஷம் அமெரிக்காவில் பிழைத்துவிட்டு வந்தவர் சேர்த்துவைத்த ஊர்வலத்திலிருந்து நாலு பேர் அமெரிக்காவில்.

தரையில் உட்கார்ந்து ஊர்வலத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். முக்காட்டுக்குள் முகம் ஏறக்குறைய மறைந்திருக்கிறது. மூக்கு நுனியும் கீழுதடும் மட்டும் வெளியே. முக்காட்டின் உள்ளே இருட்டு. விளிம்பு என்று தனியாக எதுவும் இல்லை. இருட்டு ஓரிடத்தில் முடிகிறது, அங்கே ஒரு மனிதர் அழுதுகொண்டிருக்கிறார். மூன்று உருவங்களைப் பென்சிலில் போட்டேன். முதல் இரண்டிலும் பழக்கதோஷத்தில் விளிம்புக் கோட்டைத்தான் முதலில் இழுத்தேன். மூன்றாவதில் கோடு போடவில்லை. முக்காட்டின் இருட்டை மட்டும் தீற்றிக்கொண்டே வந்தேன். மூக்கு தானாக வந்தது.

இப்போது விடுதி அறை. மேசை விளக்கடியில் லண்டன் தகட்டை ஃபெல்ட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். வளையலைக் கழற்றி அதன்மேல் வைத்து, மெழுகுப் பென்சிலால் உள்ளே வட்டம் போட்டுவிட்டேன். அப்பாவின் பென்சில் படத்தில் அவர் இடப்பக்கம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அச்சில் எல்லாம் திரும்பும். அதனால் தகட்டில் அவரை வலப்பக்கம் பார்க்க வைத்துச் சுரண்ட வேண்டும். நெற்றியில் ஆரம்பிக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் முதலில் விழுவது மூக்குத் தண்டில், பிறகு கண்ணாடியின் மேல் விளிம்பில். கன்னத்தைக் கடைசிவரை தொடாமல் வைத்திருக்க வேண்டும்.